துவக்குக்கு வைத்த பொட்டு

கிருபானந்தன் எனக்கு மருமகன் முறை. என் சித்தப்பாவின் மூத்த மகள் சின்னத்தங்கம், அவளுடைய மூத்த பிள்ளை. என்னைக் கண்டால் "அம்மான்" என்றுதான் கதை தொடங்குவான். கனடாவில், மொன்ட்ரியால்-நோரில் நாங்கள் ஒரே கட்டிடத்தில் இருந்தோம். அவனும் பெண்சாதி செல்வமலரும் மேல் வீடு, நான் கீழ் வீடு. பிள்ளை குட்டி இல்லாத வீடு என்றாலும் அவன் வீட்டில் ஆட்கள் இல்லாத நாளை நான் கண்டதில்லை. ஊரிலிருந்து வந்து இறங்கிற சொந்தம் எல்லாம் அங்கேதான் முதலில் பாய் விரித்தது.

எங்கள் பகுதியில் முதலில் இந்த நாட்டுக்கு வந்தவன் அவன்தான். சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினான். தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினான். தம்பி இரவிச்சந்திரனைக் கூப்பிட்டு, தன் பிள்ளையைப் போல வைத்துப் படிப்பித்து, கொம்பியூட்டர் வேலைக்கு ஆளாக்கி, அஜந்தாவைக் கட்டிக் கொடுத்து பியர்பொன்ட்ஸில் வீடு வாங்கும் மட்டும் பின்னால் நின்றான். தாய் மட்டும் ஊரில், மீசாலையில் மிஞ்சிப் போனாள். "எல்லாரையும் அனுப்பிப்போட்டுத்தான் நான் வீட்டுக் கதவைச் சாத்துவன்" என்று பிடிவாதம் பிடித்தவள் அவள். இவன் வெளிக்கிட்ட அன்று கொடிகாமத்தில் பஸ் ஏறும்போது சொன்னானாம், "அம்மா, கடைசியா எண்டாலும் உங்களை நான்தான் கூப்பிடுவன்" என்று. அந்தச் சொல்லைச் சின்னத்தங்கம் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

பிறகுதான் அவனுக்கு அந்தக் காசு வான் வேலை கிடைத்தது. வங்கிகளுக்கும் கடைகளுக்கும் காசுப் பை ஏற்றி இறக்கிற இரும்பு வான். சாரதி பாசையூர்க் கிறிஸ்தோப்பர். பையோடு இறங்குகிறவன் கிருபானந்தன். இடுப்பில் கைத்துவக்கு. ஊரில் துவக்குக்காரரைக் கண்டால் மற்ற ஒழுங்கையால் ஓடினவன், எந்தப் பக்கத்துத் துவக்கையும் தொடாமல் தப்பி வந்தவன், இங்கே வந்து துவக்கோடு நடந்து சோறு தின்றான். கலியாண வீடுகளில் "பொலிஸ்காரர் வாறார், கோழிக்கால் எடுத்து வையுங்கோ" என்று பகிடி பண்ணுவார்கள். அவன் சிரித்துக்கொண்டு போய்க் கடைசி மேசையில் இருப்பான்.

அந்த வேலைக்கு வருசா வருசம் சுட்டுக் காட்டவேண்டும். கடதாசியில் மனித உருவம் கீறித் தொங்க விடுவார்கள். கிட்டவும் சுட வேண்டும், எட்டவும் சுட வேண்டும். ஒவ்வொரு வருசமும் பிழையில்லாமல் வந்தவனுக்கு, இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு ஆவணியில் எட்ட நின்று சுட்டது முழுக்கச் சிதறிப் போனது. ஐப்பசி முடியும்போது இன்னொருக்கால் வாய்ப்புத் தருகிறோம், அதிலும் தவறினால் வானால் இறங்கவேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார்கள்.

அதே ஆவணியில்தான் ஊரில் திரும்பச் சண்டை மூண்டு, யாழ்ப்பாணத்துக்குப் போகிற பாதையைப் பூட்டினார்கள். குடாநாடே தனித்துப் போனது. சின்னத்தங்கம் மா இல்லாமல், மருந்து இல்லாமல், மீசாலை வீட்டுக்குள் தனியக் கிடந்தாள். அவளைக் கூப்பிடுகிற அலுவலை இவன் மாசிமாதமே தொடங்கி விட்டிருந்தான். கூப்பிடுகிற பிள்ளைக்கு உறுதியான வேலை இருக்கவேண்டும், அது சட்டம். வேலை போனால் தாயின் அலுவலும் போகும். இவ்வளவுதான் விசயம். இதை நினைவில் வைத்துக்கொண்டால் மிச்சம் எல்லாம் விளங்கும்.

அவனுக்கு வயது நாற்பத்தேழு. நோய் ஒன்றும் இல்லை. அந்த வயதில் எல்லாருக்கும் வருகிற கண். கையை நீட்டிப் பேப்பர் வாசிக்கிற கண்.

துவக்கில் குறி பார்க்க இரண்டு துண்டு இருக்கும். குழலின் நுனியில் மேலே நிற்கிற சின்ன இரும்புத் துண்டு முன்சைட். பின்னால், நடுவில் பள்ளம் வெட்டின தகடு பின்சைட். பள்ளத்துக்குள்ளே முன்சைட்டைக் கொண்டுவந்து நிறுத்தி, இரண்டு பக்கமும் வெளிச்சம் சரிசமனாகத் தெரிய, தலை மட்டமாக நிற்க, அப்போதுதான் இழுக்கவேண்டும். கொம்பனித் துவக்கில் முன்னுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி, பின்னுக்கு இரண்டு வெள்ளைப் புள்ளி. இளம் கண்ணுக்கு அது மூன்று புள்ளி. இவன் கண்ணுக்கு மூன்றும் கரைந்து ஒரே பால்.

கண்ணாடி போட்டுப் பார்த்தான். முன்சைட் தெரிகிற கண்ணாடி போட்டால் வீதியில் வருகிறவன் ஆர் என்று தெரியவில்லை. காசுப் பையோடு நிற்கிறவனுக்கு அது சரிவராது.

கிறிஸ்தோப்பர் சுடுகிற சங்கம் ஒன்றில் கனகாலம் இருந்தவர். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவுக்கும் அங்கால், மொன்ட்ரியால் தீவைத் தாண்டி, ஒரு கட்டிடத்தின் நிலவறையில் அந்தச் சங்கம். கிருபானந்தனும் முறைப்படி அனுமதி எடுத்து, கொம்பனித் துவக்கைப் போலவே ஒன்று வாங்கி, பழகப் போனான். ஒருநாள் என்னையும் கூட்டிப்போனான். காதுக்கு மூடி தந்து கதிரையில் இருத்தினார்கள்.

"ஐசே, மனிசக் கண் ஒரு நேரத்திலை ஒரு இடத்தைத்தான் வடிவாப் பார்க்கும்" என்றார் கிறிஸ்தோப்பர். "கடதாசி மங்கட்டும். பின்சைட் மங்கட்டும். முன்சைட் மட்டும் ஊசி மாதிரித் தெரியவேணும்."

"அண்ணை, எனக்கு முன்சைட் புட்டு மாதிரித் தெரியுது."

"அப்ப உனக்குப் பசி. செல்வமலரிட்டைச் சொல்லு."

ஒரு பழைய பிஸ்கற் ரின்னில் விதம் விதமான சைட்டுகள் வைத்திருந்தார். முதலில் சிவப்பு இழை பதித்தது ஒன்று. வெளியில் வெயிலில் பிடித்தால் நெருப்புத் தணல். நிலவறைக்குள்ளே வெளிச்சம் இல்லை, தணல் அணைந்து போயிற்று. பிறகு பித்தளைக் குமிழ் வைத்தது. அது மின்குமிழ் வெளிச்சத்தை வாங்கி ஒரு பக்கம் மட்டும் மினுங்கிற்று, கண் அந்தப் பக்கமே இழுபட்டது. ஒவ்வொன்றையும் பித்தளைக் கம்பியால் மெல்லத் தட்டிக் கழற்றுவதும், மற்றதைத் தட்டிப் பூட்டுவதுமாக இருந்தார்கள்.

"கவனம் தம்பி. பின்சைட்டை எந்தப் பக்கம் தள்ளுறியோ வெடியும் அந்தப் பக்கம் போகும். முன்சைட் எதிர். இடப்பக்கம் தள்ளினா வலப்பக்கம் போகும்."

"அப்ப பின்சைட் பெண்சாதி. முன்சைட் தம்பி" என்றான் இவன்.

"உன்ரை பெண்சாதி சொன்ன பக்கம் போறவவோ? குடுத்து வச்சனியடாப்பா."

அன்று அந்தப் பகிடிக்கு நானும் சிரித்தேன்.

கடைசியில் மெல்லிய கறுப்பு முன்சைட் ஒன்றைத் தெரிந்தெடுத்தான். பின்சைட்டின் பள்ளத்தைக் கொஞ்சம் அகட்டினார்கள். பின்னால் இருந்த இரண்டு வெள்ளைப் புள்ளியையும் கறுப்பால் மூடினார்கள். முன்னால் மெல்லிசு, பின்னால் அகலம், ஆகவே இரண்டு பக்கமும் வெளிச்சம் தாராளமாக வந்தது. வெடி குறிக்குக் கீழே பதிந்து விழுந்ததால் முன்சைட்டின் தலையை அரத்தால் தேய்த்தான். இரண்டு இழுவை, பிறகு சுட்டுப் பார்ப்பு. இன்னும் இரண்டு இழுவை, இன்னும் சுட்டுப் பார்ப்பு. கூடத் தேய்த்தால் திரும்ப ஒட்ட ஏலாது. வெள்ளைக் கடதாசியில் நன்றாக வந்தது. ஆனால் சோதனையில் தொங்குவது கறுப்பு உருவம். கறுப்புக்கு மேலே கறுப்பு நின்றால் எதைப் பார்க்கிறது? வெள்ளை பூசினான், கண்ணைக் கூசிற்று. மஞ்சள் பூசினான், விளக்கு வெளிச்சத்தில் தொலைந்தது.

அப்படி இருக்கும்போதுதான் சரசுவதி பூசை வந்தது. அதற்குக் கொஞ்சநாள் முன்னர் நகரத்துக் கல்லூரி ஒன்றில் ஒருவன் துவக்கோடு புகுந்து பிள்ளைகளைச் சுட்டிருந்தான். ஊர் முழுக்க அந்தக் கதை. துவக்கு என்ற சொல்லுக்கே சனம் திடுக்கிட்ட நேரம்.

எங்கள் ஆட்கள் பூசைக்கு வேலைச் சாமான் வைப்பது தெரிந்ததுதானே. இரவிச்சந்திரனும் அஜந்தாவும் பியர்பொன்ட்ஸிலிருந்து காரில் வந்தார்கள். அவன் தன் மடிக் கொம்பியூட்டரை வைத்தான். வங்கியில் வேலை செய்கிற அஜந்தா கணக்குப் பொறியை வைத்தாள். செல்வமலர் சட்டை தைக்கிற கத்தரிக்கோலை வைத்தாள்.

"அம்மான், நீங்கள் உங்கடை பல்லுச் செட்டைக் கழற்றி வையுங்கோ" என்றான் இரவிச்சந்திரன். "இப்ப உங்களுக்கு வேலை செய்யிறது அது ஒண்டுதானே."

"உன்ரை வாயை வையன்ரா. அதுக்கும் ஓய்வு கிடைக்கும்" என்றேன்.

கிருபானந்தன் தான் பழகுகிற துவக்கின் பெட்டியைத் திறந்தான். உள்ளே குண்டு இல்லை என்று இரண்டுதரம் பார்த்தான், விசையில் பூட்டைப் போட்டபடியே கொண்டுவந்து புத்தகங்களுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"அண்ணை, உதை ஏன் இஞ்சை? வேண்டாம்" என்றான் இரவிச்சந்திரன்.

"எனக்குச் சோறு போடுறது இதுதானே தம்பி."

செல்வமலர் எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம் வைத்துக்கொண்டு வந்தாள். துவக்குக்கு எங்கே வைக்கிறது என்று தெரியாமல் நின்றாள். பிறகு குழலின் நுனியில் நின்ற அந்தச் சின்னத் துண்டில், முன்சைட்டில், விரல் நுனியால் ஒற்றினாள். அஜந்தா புதுக் கமராவைத் தூக்கினாள். "எல்லாரும் கும்பிட்டபடி நில்லுங்கோ. நீங்கள் இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்கோ." அப்படி எடுத்த படத்தில் இரவிச்சந்திரன் கை கூப்பிக்கொண்டு துவக்குக்கு நேர் பின்னால் நின்றான்.

அடுத்தநாள் காலை ஏடு தொடங்கியபின் கிருபானந்தன் துவக்கை எடுத்துப் பெட்டிக்குள் வைக்கப் போனவன், பழக்கத்தில் ஒருதரம் சுவரைப் பார்த்து நீட்டினான். போட்டான் ஒரு சத்தம்.

"செல்வமலர்! இஞ்சை வாரும்! நீர் வச்ச பொட்டுத் தெரியுது!"

"ஐயோ, அடுப்பிலை பால் இருக்கு. பொட்டு தெரியத்தானே வைக்கிறது?"

"அப்பிடி இல்லையப்பா. தெரியுது!"

கீழே வெளிறின சந்தனம், மேலே சிவந்த குங்குமம். கீழ் நிறம் மேல் நிறத்தைத் தூக்கிக் காட்டிற்று. அன்றே அவளுடைய நகப்பூச்சுக் குப்பிகளை மேசையில் பரப்பினான். முதலில் வெளிர் நிறம், காய்ந்தபின் மேலே குங்குமச் சிவப்பு. தீக்குச்சியைச் சீவி, மூச்சைப் பிடித்துக்கொண்டு பூசினான்.

"கலியாணம் கட்டி இவ்வளவு காலம், ஒருநாள் எனக்கு நகம் பூசி விட்டிருப்பியளே?" என்றாள் செல்வமலர்.

"உம்மடை நகத்தாலை ஆரைச் சுடப்போறீர்?"

நிலவறையில் கறுப்பு உருவத்துக்கு மேலே அந்தச் சிவப்பு ஊசியாக நின்றது. எட்ட நின்று சுட்டது எல்லாம் ஒரு உள்ளங்கைக்குள் அடங்கிற்று. கிறிஸ்தோப்பர் கடதாசியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "குருக்களே, என்ரை துவக்குக்கும் ஒரு பொட்டு வச்சு விடும்" என்றார். கொம்பனியில் துவக்குகளைப் பார்க்கிற கிழவனும் இரண்டு சைட்டையும் வாங்கிப் பார்த்து, தலையாட்டி, கிருபானந்தனுடைய வேலைத் துவக்கில் பூட்டிக் கொடுத்தான். பிழையில்லாத காரியம், எல்லாம் கேட்டுச் செய்தது.

அந்தக் கிழமை மீசாலைக்கு எப்படியோ ஃபோன் பிடிபட்டது. "அம்மா, வேலைக்குப் பயமில்லை. வெளிக்கிட ஆயத்தமா இருங்கோ" என்று சொன்னான். நான் பக்கத்தில் நின்றேன்.

அஜந்தா கெட்ட எண்ணத்தில் செய்தாள் என்று நான் சொல்லமாட்டேன். வங்கியில் மத்தியானம் சாப்பிடும்போது கூட வேலை செய்கிற பெண்களுக்குப் பூசைப் படங்களைக் காட்டினாள். பலகாரம், கோலம், சரசுவதி, கொம்பியூட்டர், துவக்கு. "எங்கடை அத்தான், காசு வானில் வேலை" என்று பெருமையாகவும் சொல்லியிருக்கிறாள். எங்கள் கண்ணுக்கு அது பூசை. அவர்கள் கண்ணுக்குத் தெய்வப் படத்தின் முன்னே சிவப்புத் தடவின துவக்கு, அதைக் கும்பிடுகிற தமிழர். கல்லூரிச் செத்த வீடு ஆறாத நேரம். எங்கள் இயக்கத்தை இந்த நாடு தடை செய்ததும் அந்த வருசம்தான். ஒருத்தி மனேச்சரிடம் சொன்னாள். மனேச்சர் படத்தை வாங்கிக் காசு வான் கொம்பனிக்கு அனுப்பினார்.

கிருபானந்தனைக் கூப்பிட்டு மேசையில் படத்தைப் போட்டார்கள். "கண்ணுக்காகப் பூசின நிறம் எண்டு மட்டும் சொல்லு. பூசைக் கதை எடுக்காதை" என்று கிறிஸ்தோப்பர் ஏற்கெனவே புத்தி சொல்லித்தான் அனுப்பினார். இவனுக்கு ஒளித்துக் கதைக்கத் தெரியாது. படத்தைக் கண்டதும் பூசை, சந்தனம், பெண்சாதி வைத்த பொட்டு, அடுத்தநாள் கண்ணுக்குத் தெரிந்தது, எல்லாவற்றையும் தன்னுடைய உடைந்த பிரெஞ்சில் சொல்லியிருக்கிறான். சொல்லச் சொல்ல அவர்களுடைய முகம் இறுகிற்றாம்.

மேலதிகாரி கெட்டவர் இல்லை. படத்தில் கை கூப்பி நிற்பது ஆர் என்று கேட்டார். தம்பி என்றான். அவருக்குப் பிரெஞ்சு தெரியுமோ? நல்லாத் தெரியும். அப்படியென்றால் திங்கட்கிழமை அவரைக் கூட்டிவா, இது எல்லா வீட்டிலும் நடக்கிற பூசை என்று அவர் விளங்கப்படுத்தினால் சைட் அப்படியே இருக்கட்டும், இல்லையென்றால் கழற்றவேண்டும் என்றார்.

சனிக்கிழமை நானும் கிருபானந்தனும் பஸ் மாறி மாறிப் பியர்பொன்ட்ஸுக்குப் போனோம். அஜந்தா தேத்தண்ணி வைத்துவிட்டு அறைக்குள் போனாள்.

"நாலு வசனம் தம்பி. நீ சொன்னா அவங்கள் கேட்பாங்கள்."

இரவிச்சந்திரன் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அண்ணை, எங்கடை ஆக்களை இப்ப எப்பிடிப் பார்க்கிறாங்கள் எண்டு தெரியுந்தானே. அந்தப் படத்திலை நிக்கிறது நான்தான் எண்டு நானே போய்ச் சொல்லோணுமோ?"

"நீதானேடா நிக்கிறாய்."

"நான் வேண்டாமெண்டு சொன்னனான். சொன்னனானோ இல்லையோ? நீங்கள்தான் கொண்டந்து வச்சியள்."

"சரி. பிழை என்னிலை. அம்மாவுக்காக வா."

"அஜந்தாவையும் வங்கியிலை கேட்டவங்கள். எனக்கும் வேலை இருக்கு அண்ணை."

"உனக்கு இருக்கிற வேலை எப்பிடி வந்ததடா?" என்று நான் கேட்டுவிட்டேன்.

"அம்மான், நீங்கள் சும்மா இருங்கோ" என்றான் கிருபானந்தன். தம்பி அல்ல, இவன்.

பிறகு இரவிச்சந்திரன், "சரி அண்ணை. திங்கள் வாறன்" என்றான். இவனுக்கு அது போதும். திரும்புகிற பஸ் முழுக்கத் தம்பி சின்னனில் எப்படிப் பிரெஞ்சு படித்தான், ஆசிரியர் எப்படி மெச்சினார் என்றே சொல்லிக்கொண்டு வந்தான்.

திங்கட்கிழமை கொம்பனி வாசலில் நின்று ஃபோன் அடித்தான். அஜந்தா எடுத்தாள். "அவர் வேலைக்குப் போட்டார் அத்தான். பேந்து எடுப்பார்." பேந்து எடுக்கவில்லை.

துவக்குப் பார்க்கிற கிழவன் பித்தளைக் கம்பியால் தட்டி அந்த முன்சைட்டைக் கழற்றி, சின்னப் பிளாஸ்ரிக் பைக்குள் போட்டு இவன் கையில் கொடுத்தான். முன்னுக்கும் பின்னுக்கும் வெள்ளைப் புள்ளி திரும்ப ஏறிற்று. சோதனை அன்று கிட்ட நின்று சுட்டது எல்லாம் சரி. எட்டப் போனதும் மூன்று புள்ளியும் கரைந்து பாலாகி விட்டது. எங்கே பள்ளம், எங்கே தலை என்று தெரியாமல் இழுத்தானாம். "வெளிச்சம் இருக்கிற பக்கம் பார்த்து இழுத்தனான் அம்மான்" என்று எனக்குச் சொன்னான்.

வானால் இறக்கிவிட்டார்கள். தாயின் அலுவலும் நின்றது. செல்வமலர் சில நாள் குங்குமச் செப்பைக் கையால் தொடவில்லை. "நான் கத்தரிக்கோலுக்கு வச்சதோடை நிண்டிருக்கலாம்" என்றாள். அவன் சொன்னான், "உம்மடை பொட்டிலை ஒரு பிழையுமில்லை. அது சரியாத்தான் தெரிஞ்சது." துவக்கைக் கிறிஸ்தோப்பர் மூலம் விற்றுவிட்டு, நகரத்தில் நிலத்துக்குக் கீழே கார் விடுகிற இடம் ஒன்றில் கண்ணாடிக் கூட்டுக்குள் இருக்கப் போனான். தம்பியோடு சண்டை பிடிக்கவில்லை. ஃபோன் எடுத்தால் கதைத்தான்.

பிறகு அஜந்தாவுக்குப் பிள்ளை பிறந்தது. பிள்ளைகளைப் பகலில் பார்க்கிற கார்டெரியில் இடம் கிடைக்கவில்லை. பிள்ளையைப் பார்க்க வீட்டில் ஆள் வேண்டும் என்றபோது இரவிச்சந்திரனுக்குத் தாயின் நினைவு வந்தது. அவன் அலுவல் பார்த்தான். சண்டை எல்லாம் முடிந்த பிறகு, இரண்டாயிரத்து ஒன்பதில், சின்னத்தங்கம் வந்து சேர்ந்தாள். நேரே பியர்பொன்ட்ஸ். விமான நிலையத்தில் மூத்தவனைக் கட்டிப் பிடித்து அழுதவள், காரில் ஏறியதும் இளையவனுடைய கையை விடவில்லை.

அந்த வருசப் பூசை இரவிச்சந்திரன் வீட்டில். சின்னத்தங்கம் மடியில் பேரனை வைத்துக்கொண்டு எனக்குச் சொன்னாள், "அண்ணை, இளையவன் இல்லாட்டில் நான் அந்த வீட்டுக்குள்ளையே கிடந்து செத்திருப்பன். மூத்தவன் வாயாலை எவ்வளவு சொன்னவன். வாயாலை."

நான் வாய் திறக்கப் போனேன். கிருபானந்தன் என்னைப் பார்த்தான். "ஓமம்மா" என்றான் தாய்க்கு.

"எல்லாரும் வச்சாச்சு. நீ உன்ரை வேலைச் சாமானை வையன் தம்பி" என்றாள் அவள்.

அவன் சட்டைப் பையைத் துழாவி, அந்தச் சின்னப் பிளாஸ்ரிக் பையை எடுத்து, முன்சைட்டைக் கொட்டி, புதுக் கொம்பியூட்டருக்குப் பக்கத்தில் வைத்தான். சிவப்பு இன்னும் உரியவில்லை. சின்னத்தங்கம் குனிந்து பார்த்தாள்.

"என்னடா இது, பல்லோ? இதுக்கு எங்கை பொட்டு வைக்கிறது? ஏற்கெனவே வச்சுக் கிடக்கு."

இரவிச்சந்திரனுக்கு அது என்னவென்று தெரிந்தது. அவன் விளக்குத் திரியைத் தூண்டப் போய்விட்டான். செல்வமலர் குசினிப் பக்கம் திரும்பினாள்.

அஜந்தா கமராவோடு வந்தாள். ஒருதரம் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள், இறக்கினாள்.

"அத்தான், குறை நினைக்காதேங்கோ. அதை எடுங்கோ. படம் எடுக்கப் போறன்."

கிருபானந்தன் அதை எடுத்துத் துடைத்து, பைக்குள் போட்டு, சட்டைக்குள் வைத்தான். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று சொல்லிச் சப்பாத்தைப் போட்டான். படம் வடிவாக வந்தது. சட்டகம் போட்டு மண்டபத்தில் தொங்குகிறது. சின்னத்தங்கம் நடுவில் இருக்கிறாள்.